அப்டேட் போட்டாச்சு, ஸ்கேனர் இன்னும் ஓட்டைன்னு சொல்லுது (ஓபன்எஸ்எஸ்எச் 8.9பி1)

அம்பத்தூர்_அட்மின்:
அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன ஆபீஸ், உபுண்டு 22.04 சர்வர். ஆடிட் ஸ்கேனர் "ஓபன்எஸ்எஸ்எச் 8.9பி1, சிவிஇ-2024-6387, 9.8க்கு மாற்றவும்" என்று ரிப்போர்ட் கொடுத்திருக்கிறது (ஓபன்எஸ்எஸ்எச் என்பது தொலைவிலிருந்து சர்வரில் லாகின் ஆக உதவும் மென்பொருள்; சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைக்குத் தரும் அடையாள எண்). உபுண்டுவின் பேக்கேஜ் மேனேஜரான ஆப்ட்டில் அப்கிரேட் ஓட்டினால் புதிதாக எதுவும் இல்லை என்கிறது. 9.8ஐ சோர்ஸிலிருந்து கம்பைல் பண்ணிப் போட்டுவிடலாமா? திங்கட்கிழமை ஆடிட்டருக்குப் பதில் கொடுக்கணும்.

டெப்_பொட்டலம்:
கம்பைல் மட்டும் பண்ணிடாதீங்க சார். அது /யூஎஸ்ஆர்/லோக்கல் கீழே தனியா போய் உட்காரும். அடுத்த ஓட்டை வரும்போது ஆப்ட் அதைத் தொடவே தொடாது.

உபுண்டுவும் டெபியனும் ரிலீஸ் ஆன பிறகு பொதுவா வெர்ஷனை ஏத்த மாட்டாங்க. புதுசில் வந்த திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழசு மேல ஒட்டுவாங்க, அதான் பேக்போர்ட். அதனால 8.9பி1ங்கிற தலையை விட்டுட்டு, ஹைபனுக்குப் பின்னாடி இருக்கிற வாலைப் பாருங்க. 22.04க்கு இந்தத் திருத்தம் வந்தது 1:8.9பி1-3உபுண்டு0.10இல். டெபியன் 12ன்னா 1:9.2பி1-2+டெப்12யு3.

'டிபிகேஜி -எல் ஓபன்எஸ்எஸ்எச்-சர்வர்' கொடுத்துப் பாருங்க. 0.10ங்கிறது 0.9க்கு அடுத்தது, 0.1 இல்லை. தசமமா படிச்சுத்தான் பாதிப்பேர் குழம்புறாங்க. ஆடிட்டருக்கு ஆதாரம் வேணும்னா, 'ஆப்ட் சேஞ்ச்லாக் ஓபன்எஸ்எஸ்எச்-சர்வர்' ஓட்டி 6387னு தேடி, அந்தப் பத்தியோட உபுண்டுவின் யுஎஸ்என்-6859-1 பாதுகாப்பு அறிவிப்பையும் சேர்த்து அனுப்புங்க.

அம்பத்தூர்_அட்மின்:
0.13 என்று வருது. அப்போ ஸ்கேனர் ஏன் அடம் பிடிக்குது? இன்னொரு 20.04 பெட்டியைப் பற்றி வாயே திறக்கலை.

போர்ட்22:
ஸ்கேனர் உள்ளே வந்து பார்க்கலை ப்ரோ, வாசல்ல நின்னு பேனரை (கனெக்ட் ஆனதும் சர்வர் சொல்ற வெர்ஷன் வரி) மட்டும் படிக்குது. 'என்சி லோக்கல்ஹோஸ்ட் 22' அடிங்க. "8.9பி1 உபுண்டு-3உபுண்டு0.13"னு முழுசா வரணும். வெறும் 8.9பி1 வந்தா, யாரோ எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக் செட்டிங் ஃபைல்ல 'டெபியன்பேனர் நோ' போட்டு வாலை வெட்டியிருக்காங்க. முழுசா வந்தும் புலம்பினா, ஸ்கேனருக்கு ஒரு லாகின் கொடுத்துப் பேக்கேஜ் பட்டியலைப் படிக்க விடுங்க.

20.04இல் இருக்கிறது 8.2பி1. 2006இல் அடைச்ச ஓட்டை இது; 2020இல் ஒரு கோட் மாற்றத்துல திரும்பத் திறந்து 8.5பி1ல வெளியே வந்துச்சு. அதான் 8.2 தப்பிச்சுது.

'லாகின்கிரேஸ்டைம் 0'ன்னு அவசரத்துக்குப் போட்டிருந்தா இப்பவே எடுத்துடுங்க. இயல்பா 120 வினாடிக்குள்ள லாகின் ஆகாதவனை வெளியே தள்ளுற சிக்னல் ஹேண்ட்லர்லதான் கோளாறு. 0 போட்டா அது ஓடாது, சரி. ஆனா அரைகுறை கனெக்ஷன் எல்லாம் அப்படியே தொங்கும், மேக்ஸ்ஸ்டார்ட்அப்ஸ் (இன்னும் லாகின் ஆகாத கனெக்ஷன்களுக்கான வரம்பு) நிரம்பி கடைசியில நீங்களே உள்ளே போக முடியாது.

கெர்னல்_காபி:
பேக்கேஜ் புதுசா இருந்தும் ஓடுறது பழசா இருக்கலாம், அதையும் பாருங்க. எஸ்எஸ்எச்டி (ஓபன்எஸ்எஸ்எச்சோட சர்வர் புரோகிராம்) அப்கிரேடிலேயே ரீஸ்டார்ட் ஆகிடும். ஓபன்எஸ்எஸ்எல் என்கிரிப்ஷன் லைப்ரரி மாறினா, அதை ஏற்கெனவே மெமரியில் ஏற்றிக்கொண்ட எஞ்சின்எக்ஸ் வெப் சர்வர் ரீஸ்டார்ட் ஆகும்வரை பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். 'நீட்ரீஸ்டார்ட்' பட்டியல் தரும். கெர்னலுக்கு /வார்/ரன்/ரீபூட்-ரிக்வயர்டு ஃபைல் இருக்கான்னு பாருங்க.

அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் (தானாகவே அப்டேட் போடும் பேக்கேஜ்) வைத்திருந்தால் டைம்சோனையும் பாருங்க. உபுண்டு சர்வரை யுடிசியிலேயே (நம்ம நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னாடி) விட்டிருப்பாங்க. அப்கிரேட் டைமர் காலை 6 மணி, மேலே 60 நிமிடம் வரை தாமதம்; நம்ம ஊரில் அது 11.30லிருந்து 12.30, ஆபீஸ் உச்சத்தில் இருக்கிற நேரம். ஆட்டோமேட்டிக் ரீபூட் 02:00 என்று போட்டால் காலை 7.30க்கு விழும். 'டைம்டேட்சிடிஎல் செட்-டைம்சோன் ஏசியா/கொல்கத்தா' கொடுத்துட்டு கிரானை (நேரம் வைத்து வேலைகளை ஓட்டும் புரோகிராம்) ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணுங்க, இல்லைன்னா அது பழைய நேரத்திலேயே ஓடிக்கிட்டு இருக்கும்.