வாக்குத்தத்த அட்டையில் வந்த வசனம் நமக்குத்தானா?

கன்மலை:
டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புது வருஷத்துக்கான தேவனுடைய வாக்கு என்று ஆளுக்கொரு வசன அட்டை எடுப்போமே, அதில் அம்மா எடுத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." ஜூனில் டயாலிசிஸ் ஆரம்பித்தது. அட்டை இன்னும் ஃபிரிட்ஜ் கதவில்தான் ஒட்டியிருக்கிறது. தேவன் பொய் சொல்லமாட்டார், அது தெரியும். ஆனால் இந்த வாக்கு எங்களுக்குத்தானா? சபையில் கேட்டால் அவிசுவாசம் என்கிறார்கள்.

பெதஸ்தா:
பிரதர், சந்தேகத்துக்கு இடம் கொடுக்காதீங்க. சந்தேகப்படுகிறவன் கடலின் அலைக்கு ஒப்பானவன், கர்த்தரிடத்தில் எதையும் பெறலாமென்று நினைக்க வேண்டாம் என்று யாக்கோபு 1:6, 7 சொல்லுது. நடந்தே தீரும்னு நம்பி வசனத்தை வாயால் அறிக்கை செய்யுங்க. ஆபிரகாம் தேவனுடைய வாக்கை நம்பி 75 வயதில் ஊரை விட்டுக் கிளம்பினார், 100 வயதில் மகன் ஈசாக்கைப் பார்த்தார்.

தெருவிளக்கு:
நடுவில் நடந்ததை விட்டுவிட்டீர்களே சிஸ்டர். 'எதினால் அறிவேன்' என்று கேட்டார், பிள்ளைக்காக மனைவியின் வேலைக்காரி ஆகாரிடம் போனார், 99 வயதில் முகங்குப்புற விழுந்து சிரித்தார். வாக்கு போய்விடவில்லை. நீங்கள் சொன்ன யாக்கோபு நிருப வசனமும் ஞானத்தைக் கேட்பதைப் பற்றித்தான் பேசுகிறது.

எரேமியாவுக்கு வருவோம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். 70 வருஷம் கழித்துத்தான் ஊர் திரும்புவீர்கள் என்று 10-ஆம் வசனத்தில் இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள் என்கிறார். கேட்ட பெரியவர்களில் எத்தனை பேர் எருசலேமுக்குத் திரும்பியிருப்பார்கள்? முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகும் என்று சொன்னான். (எரேமியாவே முதலில் அதற்கு 'ஆமென்' சொன்னார், பாவம்.) அவன்தான் கள்ளத் தீர்க்கதரிசி. நம் அட்டையில் 10-ஆம் வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை.

பெதஸ்தா:
அப்போ அட்டையைக் கிழிச்சுப் போடணுமா? எங்க பாட்டி எழுத்துக்கூட்டிப் படிச்சதே அந்த அட்டைகளைத்தான். பின்னணி தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் வசனம்னா பாமர விசுவாசிக்கு என்ன மிச்சம்? தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் கிறிஸ்துவுக்குள் 'ஆம்' என்று 2 கொரிந்தியர் 1:20 சொல்லுதே.

தெருவிளக்கு:
பாட்டி விஷயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அதே நிருபத்தின் 12-ஆம் அதிகாரத்தில், மாம்சத்தில் முள் என்று தான் சொன்ன உபாதை நீங்க வேண்டுமென்று பவுல் மூன்று தரம் கேட்டும் நீங்கவில்லை. 'என் கிருபை உனக்குப் போதும்' என்பதுதான் பதில். 'ஆம்' என்று எழுதியவருக்கே அப்படி.

கன்மலை:
அப்போ சுகம் கேட்டு ஜெபிக்கலாமா, கூடாதா?

தெருவிளக்கு:
தாராளமாகக் கேளுங்கள், பவுலும் கேட்டார். சுகம் வராவிட்டால் அம்மாவின் விசுவாசத்தில்தான் குறை என்று சொல்ல யாரையும் விடாதீர்கள். மாற்கு 9-இல் 'விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று அழுத தகப்பனை இயேசு அதட்டவில்லை.

பெதஸ்தா:
அந்தப் பையன் குணமானான், அதையும் சேர்த்துச் சொல்லுங்க. அங்கேதான் நான் நிக்கிறேன். கன்மலை பிரதர், அம்மாவுக்கு எந்த நாள் டயாலிசிஸ்? எங்க ஜெபக்குழுவில் சொல்றேன்.

கன்மலை:
செவ்வாய், வெள்ளி. ஜெபியுங்கள் சிஸ்டர். ஆனால் போன் போட்டு 'அறிக்கை செய்யுங்க' என்று மட்டும் யாரும் அம்மாவிடம் சொல்ல வேண்டாம். இரண்டு வார்த்தை பேசினாலே மூச்சு வாங்குகிறது.