சிறிய ஊரில் புது வாழ்வும் புதுத் துணையும்: நடக்கக்கூடியதா?

வேர்தேடி:
மணவிலக்கினாலோ துணையின் மறைவினாலோ தனித்துவிட்ட ஒருவர் பெருநகரை விட்டுச் சிறிய ஊரொன்றில் குடியேறினால், மீண்டும் ஓர் அன்பு வாய்ப்பதற்கான சூழல் அவருக்கு அங்கேதான் கூடுதலாக இருக்கிறது என்பது என் வாதம். நகரத்தில் இன்று கடந்துபோகும் முகங்களில் ஒன்றைக்கூட நாளை பார்ப்பது அரிது. சிறிய ஊரிலோ, காலையில் நூலகத்தில் கண்டவரையே மாலையில் பேருந்து நிறுத்தத்திலும் காண்கிறோம்; இடையில் ஆள் இல்லாமலேயே அறிமுகம் நடந்துவிடுகிறது. ஒன்றைத் திரும்பத் திரும்பக் காண்பதே அதன்மீது விருப்பத்தை வளர்க்கிறது என்று உளவியலாளர் ராபர்ட் சயோன்ஸ் 1968-இல் காட்டியதும் இதற்குப் பொருந்துகிறது.

மறுகரை:
வேர்தேடி அவர்களே, அந்தச் சோதனைகளில் பங்கேற்றவர்கள் பார்த்தவை பொருளறியாச் சொற்களும் முன்பின் தெரியாதவர்களின் படங்களும்தாம். உயிருள்ள மனிதர் பக்கத்தில் வசிப்பது வேறு கதை. எப்பெசன் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு குடியிருப்பை ஆராய்ந்து 1976-இல் வெளியிட்ட முடிவின்படி, நண்பர்கள் மட்டுமல்ல, பிடிக்காதவர்களும் அருகில் வசிப்பவர்களாகவே இருந்தார்கள். இரைச்சலும் இடையூறும் பக்கத்து வீட்டிலிருந்துதானே வரும்!

எண்ணிக்கையையும் பாருங்கள். ஐயாயிரம் பேர் வாழும் ஓர் ஊரில் குழந்தைகளையும் மணமானவர்களையும் உங்கள் வயதுக்கு ஒவ்வாதவர்களையும் கழித்துவிட்டால், மிஞ்சுவோரை ஒரே அறையில் உட்கார வைத்துவிடலாம். அந்த அறையில் ஒருவரோடு பழகி, அது முறிந்துபோனால், அதன்பின் எந்தத் தெருவில் நடப்பீர்கள்? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

வேர்தேடி:
முறிவின் வலியை நான் மறுக்கவில்லை. ஆனால், புதிதாக வந்தவருக்கு ஊரில் ஒரு தனியிடம் உண்டு என்பதை நீங்கள் கணக்கில் கொள்ளவில்லை. இன்று வந்து நாளை போய்விடுபவன் அல்லன், இன்று வந்து நாளையும் தங்கிவிடுபவனே அந்நியன் என்று 1908-இல் எழுதிய சமூகவியலாளர் ஜார்ஜ் சிம்மல், நெருங்கியவர்களிடம்கூடச் சொல்லத் தயங்குவதை மனிதர்கள் அத்தகையவனிடம் மனம்திறந்து சொல்லிவிடுகிறார்கள் என்று கவனித்திருக்கிறார். பழைய பகைகளிலும் பங்காளிச் சண்டைகளிலும் கட்சி சேராதவர் என்பதே அதற்குக் காரணம். ஒருவரை உள்ளபடி அறிந்துகொள்ள இதைவிட நல்ல தொடக்கம் எது?

மறுகரை:
சிம்மலை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். எந்தக் கட்சியிலும் இல்லாதவரை மட்டுமே ஊர் அப்படி நம்பும். அவ்வூர்க்காரர் ஒருவரை நீங்கள் விரும்பத் தொடங்கிய அன்றே, அவருடைய குடும்பத்தின் நட்பும் பகையும் உங்களுடையவை ஆகிவிடுகின்றன. ஆகவே, காதலுக்கு உதவும் என்று நீங்கள் சொல்லும் அந்தத் தனியிடம் காதல் வந்ததும் பறிபோகிறது.

தாமதப்பயணி:
இருவரும் நூலறிவோடு பேசுகிறீர்கள். நான் பட்டறிவோடு ஒன்று சொல்லலாமா? பிரிவுக்குப் பின் அத்தகைய ஊர் ஒன்றுக்குக் குடிபெயர்ந்தவன் நான். வந்த மூன்றாம் மாதமே ஒருவரிடம் மனத்தைச் சொன்னேன். அவர் கண்ணியமாக மறுத்தார். அவர் மறுத்தது என்னை அன்று, என் அவசரத்தை என்று புரிய நெடுநாள் ஆயிற்று. ஹோம்ஸ், ராகே இருவரும் 1967-இல் வகுத்த மன அழுத்த அளவுகோலில் மணவிலக்குக்கு 73 புள்ளிகள், தொழில் மாற்றத்துக்கு 36, வீடு மாறுவதற்கு 20. மூன்றையும் ஒரே ஆண்டில் சுமந்துகொண்டு வந்தவன் துணையைத் தேடவில்லை, தாங்குகட்டையைத் தேடினான். பின்னர் ஒரு பாடகர் குழுவில் சேர்ந்து, யாரையும் எதிர்பார்க்காமல் வாரந்தோறும் போய்வந்தேன். இன்று என்னுடன் வாழ்பவர் அக்குழுவில் என் பின்வரிசையில் நின்றவர்.

மறுகரை:
தாமதப்பயணி அவர்கள் சொன்னதோடு எனக்கு முரண் இல்லை. அவரைக் காப்பாற்றியது ஊரன்று, பாடகர் குழு. அது நகரத்திலும் கிடைக்கும். எனினும், போயே தீருவேன் என்பவருக்கு ஒன்று சொல்வேன்: வீட்டை வாங்கிவிட்டுப் போகாதீர்கள், ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள்.

வேர்தேடி:
குழு நகரத்திலும் உண்டுதான். ஆனால் அங்கே ஒத்திகை முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் கலைந்துவிடுகிறோம், இங்கே மறுநாளும் அவரையே வழியில் சந்திக்கிறோம். வாடகையை ஏற்கிறேன், ஓராண்டை ஏற்க மாட்டேன். ஒருவர் நெருங்கிய நண்பராவதற்குச் சேர்ந்து கழிக்கும் நேரம் 200 மணிக்கு மேல் வேண்டும் என்பது ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின் மதிப்பீடு. வாரத்துக்கு இரண்டு மணி நேர ஒத்திகை மட்டுமே என்று வைத்துக்கொண்டால், நூறு வாரங்கள் ஆகும். வாடகை ஒப்பந்தத்தை இரண்டு ஆண்டுகளுக்கு எழுதச் சொல்லுங்கள்.