மறு: மெய்நிகர் கணினியா, மாயக் கணினியா?

குழுவினருக்கு வணக்கம். ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்பட்டு, தனிக் கணினிபோல் இயங்கும் ‘விர்ச்சுவல் மெஷின்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘மாயக் கணினி’ என்றால் பள்ளி மாணவருக்கும் உடனே விளங்கும்.

விளங்கும், ஆனால் தவறாக விளங்கும். இல்லாதது இருப்பதுபோல் தோன்றுவதே மாயம். என் லினக்ஸ் மடிக்கணினியில் 8 ஜிபி நினைவகம். இத்தகைய கணினியை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் விண்டோஸை ஓட்ட 4 ஜிபி ஒதுக்கினால், உலாவியில் நான்கு தாவல்கள் திறப்பதற்குள் லினக்ஸ் திணறுகிறது. இதில் மாயம் எங்கே? விண்டோஸுக்கு வன்தட்டாகத் தெரிவது லினக்ஸுக்கு ஒரு பெரிய கோப்பு, அவ்வளவுதான். ஆனால் எழுதினால் பதிகிறது, அழித்தால் போகிறது. மெய்க்கு நிகராக வேலை செய்வதால் ‘மெய்நிகர்’ என்பதே பொருந்தும்.

‘மெஷின்’ என்பதற்கு ‘இயந்திரம்’ வேண்டாம், ‘கணினி’ என்றே சொல்வோம். ஜாவா நிரல்களை ஓட்டுவதும் மெய்நிகர் இயந்திரம்தான். அதில் இயங்குதளம் எதையும் நிறுவ முடியாது. அதற்கு ‘மெய்நிகர் பொறி’ என்று தனிப்பெயர் இருக்கட்டும்.

எனக்கு உண்மையில் தலைவலி தந்தது ‘ஹோஸ்ட்’, ‘கெஸ்ட்’ இரண்டும்தான். இடம் கொடுக்கும் இயங்குதளம் (என் கணினியில் லினக்ஸ்) ஹோஸ்ட், அதனுள் ஓடுவது (விண்டோஸ்) கெஸ்ட். சுட்டி விண்டோஸ் சாளரத்துக்குள் சிக்கிக்கொண்டால் வலப்பக்கக் கன்ட்ரோல் விசையை அழுத்தி மீட்கிறோமே, அதன் பெயர் ‘ஹோஸ்ட் கீ’. அதை ‘வழங்கி விசை’ என்று எழுதிப் பார்த்தேன். ‘வழங்கி’யை ஏற்கெனவே சர்வருக்குக் கொடுத்துவிட்டோம், படிப்பவர் குழம்புவார். ‘விருந்தினர்’ என்றாலோ இலக்கணம் இடிக்கிறது: விருந்தினர் நின்றுவிட்டாரா, நின்றுவிட்டதா? ஆகவே ‘இயங்குதளம்’ போலவே வினைத்தொகையாக ‘ஓம்புதளம்’, அதனுள் ஓடுவது ‘விருந்துத்தளம்’. விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்ற பழம்பொருளும் உண்டு. புதிதாக வந்து தங்கும் தளத்துக்கு இதைவிட இயல்பான பெயர் எனக்குத் தோன்றவில்லை. அந்த விசை ‘ஓம்புதள விசை’ ஆகும்.

மெய்நிகர் கணினிகளை உருவாக்கி இயக்கும் மென்பொருளைக் குறிக்கும் ‘ஹைப்பர்வைசர்’ பழைய சொல். ஐபிஎம் 1972இல் அறிவித்த விஎம்/370 என்ற மென்பொருளிலேயே ஒரே பெருங்கணினியில் பல இயங்குதளங்கள் ஓடின. அக்காலத்தில் இயங்குதளத்தின் கருவைச் ‘சூப்பர்வைசர்’ என்றார்கள். அதற்கும் மேலிருந்து ஆள்வதால் ‘ஹைப்பர்’. இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘மீமேற்பார்வையாளர்’ என்று நாக்கில் சுளுக்கும். செய்யும் வேலையை வைத்து ‘மெய்நிகராக்கி’ என்போம். ‘மெய்நிகராக்கியில்’, ‘மெய்நிகராக்கியை’ என்று வேற்றுமை உருபுகளும் தடையின்றி ஏறுகின்றன.

‘ஸ்னாப்ஷாட்’டுக்குத்தான் மனம் நிறையும் சொல் அமையவில்லை. அது படம் அன்று. ஏதேனும் கெட்டுப்போனால் திரும்பிச் செல்வதற்காகச் சேமித்த நிலை. தற்காலிகமாக ‘நிலைப்பதிவு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மாற்றுச் சொல் இருப்பவர்கள், அதை ஒரு முழு வாக்கியத்தில் வைத்து எழுதி அனுப்புங்கள்.