ஐந்து நிமிடப் பேச்சு

செல்வி: நாளை பள்ளியில் பாப்பாவுக்குப் பேச்சுப் போட்டி. தலைப்பு: இலங்கைத் தோட்டத் தொழிலாளர் தலைவர் கோ. நடேசய்யர். ஐந்தே நிமிடம். யாராவது நாலு வரி அனுப்புங்கள்.

சித்தி: அத்தான் இருக்கக் கவலை என்ன 😄

பெரியப்பா: தஞ்சாவூர்ப் பக்கத்துப் பத்திரிகைக்காரர். அந்தக் காலத்தில் வெளியாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குள் கால் வைத்தால் வழக்கு. புடவை வியாபாரி மாதிரி மூட்டையோடு லயத்துக்குள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) போய்ப் பார்த்து எழுதினார். கொழும்பில் தேசநேசன், பிறகு தேசபக்தன் என்ற பத்திரிகைகளை நடத்தினார். (தொடரும்)

ராஜன்: அப்பா, தொடரும் வேண்டாம்.

சித்தி: ஞாயிறு திதிக்கு வடை கடையிலா, வீட்டிலா?

பெரியப்பா: முதலில் சிங்களத் தொழிலாளர் தலைவர் குணசிங்காவோடு கொழும்புத் தொழிற்சங்கத்தில் இருந்தார். அவர் இந்தியத் தொழிலாளிக்கு எதிராகத் திரும்பியதும் பிரிந்து, 1931-ல் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம். 1920-களிலேயே சட்டநிரூபண சபையில் (அன்றைய இலங்கைச் சட்டசபை) இருந்தவர். 1936-ல் ஹட்டன் தொகுதியில் வென்று 1947 வரை அதற்குப் பின் வந்த அரசாங்க சபையில்.

ராஜன்: 1939-ல் நேரு வந்து போனபின் ஆட்கள் புதிதாக வந்த இலங்கை இந்தியக் காங்கிரஸ் பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்பார் மாமனார்.

பெரியப்பா: உன் மாமனார் அங்கே சந்தா வசூலித்தவர். வேறு எப்படிச் சொல்வார்?

ராஜன்: 🙄

செல்வி: சண்டையைப் பாப்பா மேடையில் சொல்ல முடியாது.

பெரியப்பா: மீனாட்சியம்மையை விட்டுவிட்டேனே! ஐயர் மனைவி. கூட்டங்களில் பாடித்தான் ஆட்களைச் சேர்ப்பார். 1940-ல் பாட்டெல்லாம் சிறு புத்தகமாக வந்தது. மாமாவின் தகரப் பெட்டியில் ஒன்று இருந்தது.

பெரியப்பா: பெட்டி யாரிடம்?

சித்தி: ஏன் எல்லோரும் அமைதி?

சித்தி: என்னிடம்தான். 15 வருடமாகப் பரணில். பழைய இரும்புக்காரனிடம் போடச் சொன்னது யார்?

பெரியப்பா: நான் சொல்லவில்லை.

சித்தி: அக்காவைக் கேளுங்கள்.

ராஜன்: அம்மா ஆன்லைனில் இல்லையாம் 😂

செல்வி: பாப்பா மூட்டைக் கதை மட்டும் போதும் என்கிறாள். என் கல்யாணச் சேலையை விரித்து மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள்.

பெரியப்பா: 1936-ஐயாவது சொல்லச் சொல்.

ராஜன்: சித்தி, புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

சித்தி: இறக்கிவிட்டேன். பூட்டு துருப்பிடித்திருக்கிறது. சாவி உங்களிடம்தானே அத்தான்?

சித்தி: அத்தான்?

ராஜன்: வடை வீட்டிலேயே சுடலாம். யார் சுடுவது?