ஃபோர்டு ஜிடி40: 1964, 1965 இரண்டு ஆண்டுகளும் லே மானில் ஏன் ஒரு கார்கூட முடிவுக்கோட்டைத் தொடவில்லை?

கேள்வி: நேர்சாலை

1966ஆம் ஆண்டு பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஃபோர்டு கார்கள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தது பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளைப் பற்றித்தான் எனக்கு நிறைவான விளக்கம் கிடைக்கவில்லை. ஃபெராரி நிறுவனத்தை விலைக்கு வாங்க ஃபோர்டு நடத்திய பேச்சுவார்த்தை, பந்தயப் பிரிவு யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கும் என்ற இடத்தில் 1963 மே மாதம் முறிந்தது. லே மானில் ஃபெராரியைத் தோற்கடித்தே தீர வேண்டும் என்று இரண்டாம் ஹென்றி ஃபோர்டு உடனே முடிவெடுத்தார். பணத்துக்குக் குறைவில்லை. நடுவில் என்ஜின் கொண்ட லோலா காரை உருவாக்கிய எரிக் பிராட்லி, 1959இல் ஆஸ்டன் மார்ட்டின் லே மானை வென்றபோது அந்நிறுவனத்தில் முக்கியப் பொறுப்பில் இருந்த ஜான் வையர், ஃபோர்டின் சொந்தப் பொறியாளரான ராய் லன் என ஆட்களும் தேர்ந்தவர்களாகவே இருந்தார்கள்.

அப்படியிருந்தும் 1964இல் நூர்பர்க்ரிங், லே மான், ரெய்ம்ஸ், நாசோ ஆகிய நான்கு இடங்களில் ஓடிய ஜிடி40 கார்களில் ஒன்றுகூடப் பந்தயத்தை முடிக்கவில்லை. 1965 லே மானில் ஆறு ஃபோர்டுகள் ஓடின, ஆறும் விலகின. இது காரின் வடிவமைப்பில் இருந்த குறையா, அல்லது நிறுவனம் வேலை செய்த முறையில் இருந்த குறையா? பொறியியல் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

மறுமொழி: பல்சக்கரம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கார் முதல் நாளிலிருந்தே வேகமானது. 1964 லே மானில் ரிச்சி கிந்தர் பந்தயம் தொடங்கிய சற்று நேரத்திலேயே ஃபெராரிகளைக் கடந்து முன்னிலை பெற்றார். ஃபில் ஹில் ஓட்டிய இன்னொரு கார் 3 நிமிடம் 49.4 விநாடியில் அந்தப் பந்தயத்தின் மிக வேகமான சுற்றைப் பதிவு செய்தது. ஆகவே வேகம் போதவில்லை என்ற விளக்கத்தை ஒதுக்கிவிடலாம். அந்த வேகத்தை 24 மணி நேரம் தாங்கும் உறுப்புகள் அதில் இல்லை என்பதே என் கருத்து. அவற்றில் முதலாவதாக நான் சொல்வது கியர்பாக்ஸ்.

என்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைக்கும்போது கியர்பாக்ஸும் பின்சக்கரங்களைச் சுழற்றும் பற்சக்கரங்களும் ஒரே உறைக்குள் அமைய வேண்டும். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் வி8 என்ஜின்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றின் முறுக்குவிசையைத் தாங்கக்கூடிய இத்தகைய பந்தயக் கியர்பாக்ஸ் அங்கே எவரிடமும் தயாராக இருக்கவில்லை. எனவே இத்தாலியின் கொலோட்டி நிறுவனம் செய்த நான்கு கியர் அமைப்பை வாங்கிப் பொருத்தினார்கள். அதே கொலோட்டி அமைப்பைக் கொண்டிருந்த பிராட்லியின் லோலா, 1963 லே மானில் கியர் மாற்றத் தொல்லையால் நேரத்தை இழந்து, கடைசியில் விபத்தில் விலகியிருந்தது. ஒரு முழு ஆண்டுக்கு முன்பே கிடைத்த அந்த எச்சரிக்கையை ஃபோர்டு ஏன் போதிய அளவுக்குப் பொருட்படுத்தவில்லை என்பது என்னை இன்றும் உறுத்தும் கேள்வி.

விளைவு எதிர்பார்க்கக்கூடியதே. 1964 லே மானுக்குக் கொண்டுசென்ற மூன்று கார்களில், கிந்தரும் மாஸ்டன் கிரெகரியும் ஓட்டியது, ஹில்லும் புரூஸ் மெக்லாரனும் ஓட்டியது ஆகிய இரண்டும் கியர்பாக்ஸ் பழுதால் நின்றன. ரிச்சர்ட் ஆட்வுட், ஜோ ஷ்லெஸ்ஸர் இணையின் கார் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே தீப்பிடித்து விலகியது.

என்ஜினைக் குறை சொல்ல முடியாது என்பதற்கு அதே பந்தயத்திலேயே சான்று இருக்கிறது. அமெரிக்கப் பந்தயக் கார் தயாரிப்பாளர் கேரல் ஷெல்பியின் கோப்ரா டேடோனா கூபே என்ற கார், ஃபோர்டின் 4.7 லிட்டர் வி8 என்ஜினை முன்புறம் வைத்து, வழக்கமான அமைப்பிலான அமெரிக்கக் கியர்பாக்ஸுடன் ஓடி, மொத்தத்தில் நான்காம் இடத்தையும் தன் பிரிவில் முதலிடத்தையும் பெற்றது. தொழில்நுட்பத்தில் ஒரு தலைமுறை பழையது என்று கருதப்பட்ட அந்தக் கார் பந்தயத்தை முடித்தது. நவீனமான ஜிடி40 முடிக்கவில்லை. வேறுபாட்டை என்ஜினுக்கும் சக்கரங்களுக்கும் இடையில்தான் தேட வேண்டும்.

மறுமொழி: காற்றுச்சுரங்கம்

பல்சக்கரம் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் அவர் கதையை ஜூன் மாதத்தில் தொடங்குகிறார். அதை ஏப்ரலில் தொடங்க வேண்டும். முதல் ஜிடி40 கார் 1964 ஏப்ரல் தொடக்கத்தில்தான் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதே மாதம் லே மானில் நடந்த சோதனை ஓட்டத்துக்கு இரண்டு கார்களை, அநேகமாக ஓட்டிப் பார்க்காமலேயே, கொண்டுபோனார்கள். இரண்டுமே விபத்துக்குள்ளாயின. ஷ்லெஸ்ஸர் ஓட்டிய கார், ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளமுள்ள முல்சான் நேர்சாலையில் முழு வேகத்தில் கட்டுப்பாட்டை இழந்து நொறுங்கியது. அவர் பெரிய காயமின்றி வெளியே வந்ததை எண்ணினால் இப்போதும் மனம் பதைக்கிறது. ராய் சால்வடோரி ஓட்டிய கார் அந்த நேர்சாலையின் இறுதியில் மோதியது.

காரணம் காற்று. ஏறக்குறைய 40 அங்குலம், அதாவது ஒரு மீட்டரை ஒட்டிய உயரமே கொண்ட அந்த உடலமைப்பு, காற்றைக் கிழித்துச் செல்லும் விதத்தில் அழகாக வடிக்கப்பட்டிருந்தது. ஆனால் வேகம் கூடக்கூடக் காரின் பின்பகுதி மேலே தூக்கப்பட்டது. பின்சக்கரங்கள் தரையை அழுத்திப் பிடிக்காத கார், நேரான சாலையிலும் வால் அலைந்து திசை மாறும். ஓட்டுநர் அதைத் திருத்த முயல்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பின்புற விளிம்பில், காற்றைக் கொண்டு காரைக் கீழே அழுத்தும் ஸ்பாய்லர் என்ற சிறிய தகட்டைப் பொருத்தியதும் அந்த அலைச்சல் பெருமளவு அடங்கியது. அவ்வளவு சிறிய திருத்தத்தை இரண்டு கார்களை இழந்த பிறகு கண்டுபிடித்தார்கள் என்பதே, பந்தயத்துக்கு முன் செய்ய வேண்டிய ஓட்டங்களைச் செய்யாமல் விட்டதைக் காட்டுகிறது.

எனவே கியர்பாக்ஸை நோயாக நான் பார்க்கவில்லை. அது ஓர் அறிகுறி. அந்தக் கார் சாலையில் ஓடவே ஏப்ரல் ஆகிவிட்டது. பந்தயமோ ஜூன் மாதம். இடைப்பட்ட காலத்தில் மே மாத இறுதியில் நூர்பர்க்ரிங்கில் ஒரே ஒரு காரை இறக்கினார்கள், அதுவும் சஸ்பென்ஷன் பழுதால் நின்றது. ஃபெராரி தன் கார்களை ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாக மாற்றி வந்தது. 1960 முதல் 1965 வரை தொடர்ந்து ஆறு முறை லே மானை வென்றதற்கு அந்தப் பொறுமையே அடித்தளம். ஃபோர்டு எல்லாவற்றையும் புதிதாகச் செய்துவிட்டு, எதையும் தனித்தனியாகச் சோதிக்க நேரம் விடவில்லை.

கேள்வி எழுதியவர்: நேர்சாலை

இருவருக்கும் நன்றி. சோதனைக் குறைவே மூல காரணம் என்றால் 1965ஐ எப்படிப் புரிந்துகொள்வது? 1964 இறுதியில் பொறுப்பு ஷெல்பியின் கைக்குப் போனது. 1965 பிப்ரவரியில் அமெரிக்காவின் டேடோனா பந்தயத்தில் கென் மைல்ஸும் லாயிட் ரூபியும் ஜிடி40க்கு முதல் வெற்றியைத் தேடித் தந்தார்கள். அடுத்து அமெரிக்காவிலேயே செப்ரிங் பந்தயத்தில் மொத்தத்தில் இரண்டாம் இடம். கார் குணமாகிவிட்டது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். பிறகு நான்கு மாத இடைவெளியில் லே மானில் ஏன் முழுத் தோல்வி?

மறுமொழி: பல்சக்கரம்

டேடோனாவில் அப்போது நடந்தது 24 மணி நேரப் பந்தயம் அல்ல. 2000 கிலோமீட்டர் பந்தயம். செப்ரிங் 12 மணி நேரம். 1965 லே மானில் வென்ற கார் கடந்த தூரம் 4600 கிலோமீட்டருக்கு மேல். அதாவது டேடோனாவில் ஃபோர்டு நிரூபித்தது லே மானின் பாதியைக்கூட எட்டவில்லை. பாதித் தூரம் தாங்கும் உறுப்பு முழுத் தூரத்தையும் தாங்கும் என்று கொள்ள எந்த நியாயமும் இல்லை. உலோகக் களைப்பு கடைசி மணிகளில்தான் வெளிப்படும்.

அதோடு, டேடோனாவில் வென்ற காரையே மெருகேற்றி லே மானுக்குக் கொண்டுபோயிருந்தால்கூட நிலைமை வேறாக இருந்திருக்கலாம். அவர்கள் 4.7 லிட்டர் கார்களோடு, 7 லிட்டர் என்ஜின் பொருத்திய, மார்க் 2 என்ற புதிய வகை ஜிடி40 கார்கள் இரண்டையும் சேர்த்தார்கள். பெரிய என்ஜின் குறைந்த சுழற்சியிலேயே தேவையான ஆற்றலைத் தரும், ஆகவே நீடித்து உழைக்கும் என்ற கணக்கு தவறானதல்ல. ஹில் தகுதிச் சுற்றில் முதலிடம் பெற்றார். பந்தயத்தின் வேகமான சுற்றும் அவருடையதே. ஆனால் அந்த என்ஜினின் முறுக்குவிசையைச் சுமக்க ஃபோர்டே செய்த புதிய கியர்பாக்ஸும் கிளட்ச்சும் போதிய சோதனை இல்லாமல் வந்திருந்தன. மெக்லாரன், மைல்ஸ் இணையின் கார் கியர்பாக்ஸிலும், ஹில், கிறிஸ் ஏமன் இணையின் கார் கிளட்ச்சிலும் நின்றன. சிறிய என்ஜின் கார்களில் பெரும்பாலானவற்றை வீழ்த்தியது, என்ஜினின் மேல்பகுதி இணைப்பில் கசிவைத் தடுக்கும் தகடான சிலிண்டர் ஹெட் கேஸ்கெட். பந்தயத்தின் முதல் பாதியிலேயே ஃபோர்டு முகாமில் வேலை முடிந்துவிட்டது.

காற்றுச்சுரங்கம் சொல்வதே சரி என்று இதை எழுதும்போது எனக்கே தோன்றுகிறது. 1964இல் செய்த பிழையை 1965இல் இன்னும் பெரிய என்ஜினோடு திரும்பச் செய்தார்கள்.

மறுமொழி: பிட் சுவர்

ஒரு திருத்தம் மட்டும். 1965 லே மானில் ஃபெராரியின் தொழிற்சாலைக் கார்களும் பிரேக் டிஸ்க்குகள் விரிசல் விட்டுத் தவித்தன. அந்த ஆண்டு வென்றது யோகன் ரிண்டும் மாஸ்டன் கிரெகரியும் ஓட்டிய, வட அமெரிக்கத் தனியார் அணி ஒன்றின் ஃபெராரி 250 எல்எம் கார். முந்தைய ஆண்டு ஃபோர்டில் கியர்பாக்ஸ் உடைந்து நின்ற அதே கிரெகரிதான். ஆகவே ஃபெராரி எல்லாவற்றையும் கச்சிதமாகச் செய்தது என்ற தோற்றம் சற்று மிகையானது.

பிரேக் என்பது லே மானின் தனிப் பிரச்சினை. நேர்சாலையின் முடிவில், மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வரும் கார் ஏறத்தாழ நகரத் தெருவில் ஓட்டும் வேகத்துக்குக் குறைய வேண்டும். டிஸ்க் சிவக்கச் சூடாகி, அடுத்த நீண்ட ஓட்டத்தில் குளிர்ந்து, மீண்டும் சூடாகும். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள 7 லிட்டர் காரில் அது இன்னும் கொடுமை. 1966க்கு முன் ஃபோர்டு செய்த மிகப் பயனுள்ள வேலைகளில் இரண்டு, வெற்றியைப் பற்றிய பேச்சில் அதிகம் இடம்பெறுவதில்லை. ஒன்று, பிரேக் டிஸ்க்குகளைப் பிட் நிறுத்தத்திலேயே விரைவாகக் கழற்றி மாற்றும் அமைப்பு. டிஸ்க் 24 மணி நேரம் தாங்காது என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கேற்பத் திட்டமிட்டார்கள். மற்றொன்று, என்ஜினையும் கியர்பாக்ஸையும் சோதனைக்கூடத்தில் ஒன்றாகப் பொருத்தி, லே மான் சுற்று ஒன்றில் ஓட்டுநர் செய்யும் கியர் மாற்றங்களையும் வேக மாற்றங்களையும் அப்படியே திரும்பத் திரும்ப நிகழ்த்தி, உடையும் வரை ஓட்டிப் பார்த்தது. இந்தச் சோதனை 1964இலேயே நடந்திருந்தால் கொலோட்டி கியர்பாக்ஸ் பிரான்சுக்குப் போயே இருக்காது.

1966இலும் எல்லாம் சீராக நடந்துவிடவில்லை. ஏப்ரல் சோதனை ஓட்டத்தில் மார்க் 2 ஓட்டிய வால்ட் ஹான்ஸ்கன் விபத்துக்குள்ளாகி, சில நாட்களில் உயிரிழந்தார். டேடோனாவும் அந்த ஆண்டுதான் 24 மணி நேரப் பந்தயமாக மாறியது. அங்கே மைல்ஸும் ரூபியும் வென்றபோது ஜிடி40 முதன்முறையாக ஒரு முழு நாளைத் தாங்கியிருந்தது. ஜூன் மாதம் லே மானில் எட்டு மார்க் 2 கார்கள் புறப்பட்டன. முதல் மூன்று இடங்களைப் பிடித்த அந்த மூன்றைத் தவிர மற்ற ஐந்தும் வழியிலேயே நின்றுபோயின.