பெட்ரோல் என்ன பாலா, கெட்டுப்போக?

ஈசூன்_எலி: நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருக்கார்: "ஜொகூர்ல தங்கச்சி வீட்டுல ரெண்டு வருஷம் கிடந்த யமஹா ஆர்எக்ஸ்இசட் பைக். டேங்க்ல அதே பழைய பெட்ரோல். நாலே உதை, ஸ்டார்ட்." படிச்சதுலேர்ந்து பத்திக்கிட்டு வருது. என் வண்டி புளோக் பக்கத்துல கார்பார்க்ல எட்டு மாசம்தான் நின்னுச்சு. உதைச்சு உதைச்சு முட்டி வீங்கிப்போச்சு. பெட்ரோலையும் காத்தையும் கலக்கற கார்புரேட்டர், அதோட கிண்ணத்தைக் கழட்டினா மஞ்சளா பிசின். பெட்ரோல் போற பொடி ஓட்டை, பைலட் ஜெட், சுத்தமா அடைப்பு. புதுப் பசங்க படிக்கிற இடம், கதை விடாதீங்க.

செம்பவாங்_சிங்கம்: அந்த ஒருத்தர் நான்தான். பெட்ரோல் என்ன பாலா, கெட்டுப்போக? நாலு உதை. எண்ணினேன்.

ஈசூன்_எலி: பால் இல்லண்ணே. ஆனா லேசான பகுதி முதல்ல ஆவியாயிடும். சூடாகாத எஞ்சின் பத்திக்க அதுதான் வேணும். மிச்சம் காத்துப் பட்டுப் பிசினாகும்.

செம்பவாங்_சிங்கம்: டியூஷனா எடுக்கறே? நான் லைசென்ஸ் எடுத்தப்ப நீ பொறந்திருக்கவே மாட்டே. நாலு உதை.

பிடோக்_பெரியவர்: டேங்க் வேற, கிண்ணம் வேறப்பா. மூடின டேங்க்ல மாசக்கணக்கா தாங்கும். கிண்ணத்துல நிக்கிற கொஞ்சம்தான் சீக்கிரம் வத்திப் பிசினாகும். நிறுத்தும்போதே டேங்க் குழாயை மூடிக் கிண்ணத்தை வடிச்சுடணும்.

செம்பவாங்_சிங்கம்: பெரியவரே, நடுவுல வராதீங்க.

ஜூரோங்_ஜெட்: கிட்டார் கம்பிய விட்டு ஜெட்டைக் குத்து, அஞ்சு நிமிஷ வேலை. இதுக்கு ஒரு சண்டையா?

ஈசூன்_எலி: கம்பி விட்டா ஓட்டை பெருசாகும். கிளீனர் அடிச்சு ஊறவெச்சுக் காத்து அடிக்கணும்.

ஜூரோங்_ஜெட்: இருபது வருஷமா குத்தறேன்.

ஈசூன்_எலி: அதான் நீ போற வழியெல்லாம் கொசு மருந்து அடிச்ச மாதிரி புகை.

ஜூரோங்_ஜெட்: முதல்ல என் மல்டிமீட்டரைத் திருப்பிக் குடு. தீபாவளிக்கு முன்ன வாங்கினே. எந்தத் தீபாவளின்னு எல்லாருக்கும் சொல்லவா?

ஈசூன்_எலி: அது தனி விஷயம். சிங்கம் அண்ணே, கோவிட்டால 2020 மார்ச்ல ஜொகூர் பாதையை மூடினாங்க, 2022 ஏப்ரல்லதான் முழுசா திறந்தாங்க. அவ்ளோ நாளும் உங்க மச்சான் வண்டியத் தொடவே இல்லையா?

செம்பவாங்_சிங்கம்: வாராவாரம் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவார். அவ்ளோதான்.

ஈசூன்_எலி: வாராவாரமா?! இதைத்தான் "கிடந்துச்சு"ன்னு எழுதினீங்களா? அப்ப எப்படி அதே பெட்ரோல்? ஊத்தாமலா ரெண்டு வருஷம் ஓடுச்சு?

செம்பவாங்_சிங்கம்: ரோட்டுக்குப் போச்சா? போகல. அப்ப கிடந்ததுதான். என் மச்சானைத் திருடன்னு சொல்றியா?

ஈசூன்_எலி: யார் சொன்னா?

செம்பவாங்_சிங்கம்: சொல்லாம சொல்றே. போன வருஷம் செயின் விஷயத்துலயும் இப்படித்தான். மறந்துட்டேன்னு நினைக்காதே.

பிடோக்_பெரியவர்: ஸ்டார்ட் ஆனது இருக்கட்டும். டயர் பக்கவாட்டுல நாலு எண் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். அதைப் பார்த்தீங்களா? பிரேக்?

செம்பவாங்_சிங்கம்: நாலுன்னா எனக்கு உதைதான். ஞாயித்துக்கிழமை காக்கி புக்கிட் வா தம்பி, உன் முன்னாடியே உதைச்சுக் காட்டறேன்.

ஈசூன்_எலி: வாராவாரம் ஓடற வண்டிய நாலு உதை எதுக்கு? எங்க பாட்டி ஒண்ணுல எடுப்பாங்க. ஞாயிறு வேலை இருக்கு.

செம்பவாங்_சிங்கம்: பயம்.

ஜூரோங்_ஜெட்: நான் வர்றேன். எலி வந்தா மீட்டரோட வரச் சொல்லுங்க.