கோமாரிக்குப் பெப்டைட் ஊசி: துண்டு போதுமா, முழு வைரஸ் வேண்டுமா?

நுண்ணோக்கி:
கோமாரி ஊசிக்காக இன்றும் உயிருள்ள வைரஸைப் பெருமளவில் வளர்த்து, அப்புறம்தான் அதைக் கொல்கிறோம். 2007இல் இங்கிலாந்தில் கால்நடை வைரஸ்களை ஆராயும் பிர்பிரைட் வளாகத்தின் கழிவுநீர்க் குழாயிலிருந்து வைரஸ் கசிந்து பக்கத்துப் பண்ணை மாடுகளைத் தொற்றியது. பெப்டைட் என்பது வைரஸ் புரதத்தின் சிறு துண்டு மட்டுமே, அதில் அந்த ஆபத்தே இல்லை. 1982இலேயே வைரஸின் வெளியுறையிலுள்ள விபி1 என்ற புரதத்தின் 141 முதல் 160 வரையிலான 20 அமினோ அமிலங்களை மட்டும் செலுத்தி கினிப்பன்றிகளைக் காப்பாற்றினார்கள். அந்த வழியை ஏன் கைவிட வேண்டும்?

பட்டிக்காரன்:
கினிப்பன்றி வேறு, மாடு வேறு சகோ. 1997இல் வெளியான ஆய்வில், அர்ஜென்டினாவில் கண்ட கோமாரி வைரஸ் ரகத்தை வைத்து 138 மாடுகளில் சோதித்தார்கள். நான்கு வகைப் பெப்டைடுகளில் ஒன்றுகூட 40 சதவீதப் பாதுகாப்பைத் தாண்டவில்லை. ஊசி போட்டும் நோய் கண்ட மாடுகளின் 29 புண்களில் 12இல், அந்தத் துண்டிலோ அதன் அருகிலோ மாறிப்போன வைரஸ் இருந்தது. ஒரே இடத்தை மட்டும் அடையாளம் காட்டினால், வைரஸ் அந்த இடத்தை மாற்றிக்கொண்டு தப்பிவிடுகிறது. எனக்குப் பயமே அதுதான்.

நுண்ணோக்கி:
அந்த 20 அமினோ அமிலத் துண்டு வைரஸின் மேற்பரப்பில் வளையம்போல் நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் வைரஸ் செல்லில் ஒட்டிக்கொள்ளும் இடம். இஷ்டத்துக்கு மாற முடியாது என்று நினைத்தேன். சரி, அங்கேயும் மாறுகிறது என்பதை ஏற்கிறேன்.

வெண்ணிலா:
டி செல்லை இருவரும் மறந்துவிட்டீர்கள். நோய் எதிர்ப்பில் எதிர்ப்பொருளை உருவாக்குவது பி செல், அதற்கு உதவுவது டி செல். பி செல் வைரஸின் மேற்பரப்பை, அதன் மடிப்போடு அப்படியே பார்க்கும். டி செல்லுக்கு அது தெரியாது. உடலின் செல்கள் புரதத்தை நறுக்கி எம்எச்சி என்ற மூலக்கூறில் பொருத்திக் காட்டும் துண்டுதான் தெரியும். எம்எச்சி மாட்டுக்கு மாடு மாறும். ஒரு மாட்டில் பொருந்தும் துண்டு பக்கத்து மாட்டில் பொருந்தாமல் போகலாம். டி செல் உதவாவிட்டால் எதிர்ப்பொருள் வலுவாக வராது. முழு வைரஸில் துண்டுகள் ஏராளம், ஏதாவது ஒன்று பொருந்திவிடும்.

நுண்ணோக்கி:
அதற்கும் வழி தேடியிருக்கிறார்கள். டி செல்லுக்கான ஒரு துண்டில், பி செல்லுக்கான துண்டை இரண்டு கிளைகளாக ஒட்டினார்கள். 2016இல் வெளியான ஆய்வில் பன்றிகளுக்கு முழுப் பாதுகாப்பு கிடைத்தது.

பட்டிக்காரன்:
நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் அதுவும் மாடு இல்லை, பன்றி. 1997 சோதனையிலும் டி செல் துண்டைச் சேர்த்துப் பார்த்தார்கள், மாட்டில் போதவில்லை. வெவ்வேறு எம்எச்சி உள்ள மாடுகளுக்கு ஊசி போட்டு, உயிருள்ள வைரஸைச் செலுத்தி, எத்தனை தப்பின என்று காட்டுங்கள். அதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை என் பட்டிக்கு முழு வைரஸ் ஊசிதான்.